கழுத்திருவும் ஒரு ஜப்தி ரிப்போர்ட்டும்

ஜப்தி செய்யப் போன வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதீர்கள். அமீனா வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு நான் முதலில் சொல்ல நினைப்பது இதைத்தான். விஷம் வைப்பார்கள் என்று பயந்து சொல்லவில்லை. என் காலத்தில் என்னைத் திட்டிய வீடுகள் உண்டு, நாயை அவிழ்த்துவிட்ட வீடும் உண்டு. தண்ணீரில் யாரும் எதையும் கலந்ததில்லை. ஆனால் தண்ணீர் கொடுத்த கைக்கு நாமும் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று மனசு கிடந்து துடிக்கும். நம் கையில் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது? கோர்ட்டு கொடுத்த அதிகாரம்தான் இருக்கிறது. அதில் ஒரு சிட்டிகை எடுத்துக் கொடுத்துவிடுவோம். நான் கொடுத்தேன். அதைத்தான் எழுத வந்தேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். சட்டம் தெரிந்து இந்த வேலைக்கு வரவில்லை. கையெழுத்து நன்றாக இருந்ததால் எடுத்துக்கொண்டார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஒரு சம்சாரியின் உழவு மாடு இரண்டை ஜப்தி செய்து கோர்ட்டு வாசலுக்கே ஓட்டி வந்துவிட்டேன். அமீனாக்களுக்கு மேலே இருந்து வாரண்டுகளைப் பிரித்துக் கொடுக்கும் நாசர் வெளியே வந்து பார்த்தார்.

"என்னப்பா இது?"

"மாடுங்க."

"மாடுன்னு எனக்கும் தெரியுது. நாளைக்கு அந்தாளு எதை வச்சு உழுவான்? ஒன்னையப் பூட்டி உழுவானா?"

உழவு மாட்டையும் கலப்பையையும் ஜப்தி செய்யக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். எட்டு மைல். அந்த மாடுகளை நானே திருப்பி ஓட்டிக்கொண்டு போய், தொழுவத்தில் கட்டி, சம்சாரியிடம் கைச்சீட்டு வாங்கி வரச் சொன்னார். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் மாடு என்ன விலைக்கு வாங்கினீக என்று கேட்டார்கள்.

அதற்குப் பிறகு அந்தப் பட்டியலை நான் மனப்பாடம் செய்தேன். உடுத்தும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை, தொழில் கருவி, பெண்கள் தங்கள் சமய வழக்கப்படி கழற்றக் கூடாத நகை. இவற்றைத் தொடக் கூடாது. கடைசியாகச் சொன்னதற்கு நாசர் ஒரு சுருக்கு வழி வைத்திருந்தார். "கழுத்துல கிடக்கிறதைத் தொடாத. பெட்டியில கிடக்கிறதை எழுது." அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் பல வருஷம் தடுமாறாமல் வேலை பார்த்தேன்.

தடுமாறியது அறுபதுகளின் கடைசியில், ஓர் ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை.

வாரண்டு சாத்தப்ப செட்டியார் பேரில். காரைக்குடிப் பக்கத்து ஊர், ஊர்ப்பேர் வேண்டாம். ரெங்கூனில் லேவாதேவி நடத்தி, அங்கே எல்லாம் போய்த் திரும்பி வந்தவர். ஊரில் அரிசி மில் வைத்தார். சுற்றுவட்டாரத்துச் சம்சாரிகள் பழைய மரியாதைக்கு அவரிடம் பணத்தை வட்டிக்குப் போட்டு வைத்திருந்தார்கள். மில்லும் படுத்தது. டிக்ரி வாங்கியிருந்தவர் வெள்ளைச்சாமி என்ற சம்சாரி, திருக்கோஷ்டியூர்ப் பக்கம். நஞ்சையில் ஒரு பங்கை விற்று மகள் கல்யாணத்துக்கென்று செட்டியாரிடம் கொடுத்து வைத்த பணம். தையில் கல்யாணம் பேசி முடித்தாயிற்று. கையில் டிக்ரி இருக்கிறது, காசு இல்லை.

இதில் இன்னொரு அவசரமும் இருந்தது. செட்டியார் மஞ்சக்கடுதாசி கொடுக்கப் போகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. திவால் மனுவைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். அது கோர்ட்டில் ஏறிவிட்டால் அவருடைய சொத்தெல்லாம் ரிசீவர் கைக்குப் போய்விடும். எல்லாக் கடன்காரர்களுக்கும் பங்கு பிரித்து, ரூபாய்க்கு இத்தனை பைசா என்று கிடைக்கும். அதற்கு முன்னால் ஜப்தி செய்து, ஏலம் போட்டு, காசு கைக்கு வந்தவர்தான் தப்பித்தவர். முந்தியவருக்குத்தான் சோறு.

சொத்தை அடையாளம் காட்ட வெள்ளைச்சாமியும் அவருடைய வக்கீல் குமாஸ்தாவும் என்னோடு வந்தார்கள். பிள்ளையார்பட்டியில் இறங்கி ஒரு தேங்காய் உடைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறலாம் என்றேன். ஒவ்வொரு ஜப்திக்கு முன்னாலும் எங்காவது ஒரு பிள்ளையாருக்கு உடைப்பது என் வழக்கம்.

குமாஸ்தா வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். "யாருக்காக உடைச்சீக அமீனா? கடன் குடுத்தவருக்கா, வாங்கினவருக்கா?"

"எனக்காகத்தான்."

"ஒமக்கென்ன? சம்பளக்காரரு. மழை பேஞ்சாலும் வெயிலடிச்சாலும் ஒண்ணாந் தேதி."

வெள்ளைச்சாமி அதுவரை பேசாமல் வந்தவர். "எனக்கும் ஒரு சில்லு குடுங்க ஐயா" என்று கையை நீட்டினார். வாங்கி, தின்னாமல் துண்டு முனையில் முடிந்துகொண்டார். வீட்டுக்குக் கொண்டு போக என்று நினைத்தேன்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலேகாலுக்கு மேல். சூரியன் அடைந்த பிறகு ஒரு குடியிருப்பு வீட்டுக்குள் ஜப்திக்கு நுழையக் கூடாது. அதனால் சுருக்காக வேலையை முடிக்க வேண்டும். வெளியே வண்டிக் கொட்டகையில் ஒரு பழைய மோட்டார் கார், தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. வெள்ளைச்சாமி தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்.

"இது ஓடுமா?"

"ஓடாட்டி நீரும் நானும் தள்ளிக்கிட்டுப் போவோம்" என்றார் குமாஸ்தா. "காரு எங்கிட்டும் போகாது. மொதல்ல உள்ளுக்குள்ள பாப்போம்."

பெரிய வீடு. வளவில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், நின்று கூப்பிட்டால் குரல் ஒரு சுற்றுச் சுற்றி நம்மிடமே வந்தது. செட்டியார் மதுரைக்குப் போயிருப்பதாக வேலைக்காரம்மா சொன்னார். பெண்கள் மட்டும் இருக்கிற வீடு என்பதால் வெள்ளைச்சாமியையும் குமாஸ்தாவையும் வளவிலேயே நிறுத்திவிட்டு, சாட்சிக்கு ஊர்த் தலையாரியை மட்டும் கூட்டிக்கொண்டு அறை வாசலுக்குப் போனேன். தலையாரிக்குக் காது மந்தம். வாசல்படியோடு நின்றுகொண்டார்.

செட்டியார் மனைவி விசாலாட்சி ஆச்சி. ஐம்பது வயசுக்கு உள்ளே இருக்கும். வாரண்டை நான் படித்துச் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"வெயில்ல வந்திருக்கீக. குடிச்சிட்டு எழுதுங்க."

குடித்தேன்.

ஆச்சி தாமே சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தார். "அவுக சாமான் பாதி வித்தாச்சு. மிச்சம் வளவுல இருக்கு. இந்த அலமாரி என்னோடது. ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல, பாத்துக்கிடுங்க."

சேலைகள், நாலைந்து வெள்ளிச் சாமான், ஒரு பட்டுத்துணி மூட்டை. அவிழ்த்தால் கழுத்திரு. நகரத்தார் கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண் கழுத்தில் கட்டுவது அதுதான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை. மஞ்சள் சரட்டில் பெரிய பெரிய தங்க உருப்படிகளாகக் கோத்து, நடுவில் தாலி. கல்யாணத்தன்று கட்டுவது, அப்புறம் பெட்டிக்குள் போய்விடும். தினசரிக்கு ஆச்சி கழுத்தில் சின்னத் தாலிச் சங்கிலி ஒன்று இருந்தது.

கையில் எடுத்ததும் இரண்டு விஷயம் தெரிந்தது. டிக்ரித் தொகையும் செலவும் போக மிஞ்சும் அளவுக்கு அதில் தங்கம் இருந்தது. அதில் தாலியும் இருந்தது.

"இது யாரோடது ஆச்சி?"

"என்னோடது. எங்க அப்பச்சி செஞ்சு போட்டது."

"கல்யாணத்துல சாமான் பட்டியல் எழுதுவாகளே, அது இருக்கா?"

"இருந்துச்சு. ரெங்கூன்ல விட்ட பெட்டியோட போயிருச்சு. அப்பச்சியும் இல்ல."

தம்பிகளே, இந்த இடத்தில் நாம் செய்ய வேண்டியது என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஒரு சாமான் யாருக்குச் சொந்தம் என்று தீர்ப்புச் சொல்ல அமீனாவுக்கு அதிகாரம் இல்லை. கடன்காரர் வீட்டில் இருந்தால் எழுத வேண்டும். வேறொருவர் என்னுடையது என்று சொன்னால் அதையும் கூடவே எழுத வேண்டும். அவர் கோர்ட்டில் மனுப் போட்டு மீட்டுக்கொள்வார். அவ்வளவுதான். ஆனால் அன்று எனக்கு வேறு கணக்கு ஓடியது. பட்டியல் இல்லை, தகப்பனார் இல்லை. இந்த அம்மா மனுப் போட்டால் எதைக் காட்டி ஜெயிப்பார்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு சுமங்கலியின் தாலியை நான் துணியில் சுற்றி எடுத்துப் போவதா? வீட்டில் எனக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாசர் சொன்ன வரி ஞாபகத்துக்கு வந்தது. பெட்டியில் கிடப்பது கழுத்துக்குப் போய்விட்டால்?

வாசல்படியைத் திரும்பிப் பார்த்தேன். தலையாரி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன்.

"ஆச்சி, நான் போயி வளவுல இருக்கிற சாமானை எண்ணிட்டு வாரேன். அதுக்குள்ள நீங்க இதை எடுத்துக் கழுத்துல போட்டுக்கிடுங்க. கழுத்துல இருக்கிறதை நான் தொடமாட்டேன்."

ஆச்சி என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகக்கூட இல்லை.

"அமீனாவுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"ஆயிருச்சு. மூணு பிள்ளைக."

"ஒங்க வீட்டுல அவுக தாலிய அவுகளே எடுத்துக் கட்டிக்கிட்டாகளா?"

ஆச்சி மூட்டையின் மேல் கையை வைத்தார்.

"இதை ஒரு தடவ அவுக கட்டினாக. இன்னும் ரெண்டு வருசத்துல அவுகளுக்கு அறுபது. அன்னைக்கு அவுக கையால மறுக்காக் கட்டணும். நடுவுல நானா எடுத்து மாட்டிக்கிட்டா அதுக்கு என்ன பேரு? வெளிய நிக்கிற சம்சாரிக்குப் பயந்துக்கிட்டு நான் கல்யாணப் பொண்ணு வேசம் போடவா?" மூட்டையை என் பக்கம் நகர்த்தினார். "எழுதுங்க. இது என்னோடதுன்னு நான் சொன்னேன்னும் எழுதுங்க. கோர்ட்டு குடுத்தாக் குடுக்கட்டும்."

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. நல்லது செய்கிறோம் என்று நினைத்து ஒரு பெண்பிள்ளையிடம் சொல்லத்தகாத வார்த்தையைச் சொல்லிவிட்டேன் என்பது புரிந்தது. கூடவே பயம் வந்தது. கோர்ட்டு ஊழியன், கடன்காரர் வீட்டாருக்கு ஜப்தியிலிருந்து தப்ப வழி சொல்லிக் கொடுத்திருக்கிறான். வெளியே தெரிந்தால் வேலை போகும்.

உட்கார்ந்து எழுதினேன். கழுத்திரு ஒன்று, உருப்படி இத்தனை, எடை உத்தேசமாக இவ்வளவு. 'ஆட்சேபணை' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. ஆச்சி சொன்னதை எழுதத் தொடங்கினால், அது நான் சொன்னதில் போய் நிற்கும் என்று தோன்றியது. ஒருவர் கேட்பார், இன்னொருவர் சொல்வார், எல்லாம் வந்துவிடும். 'ஆட்சேபணை ஏதும் எழவில்லை' என்று எழுதினேன். நல்ல கையெழுத்து.

வளவுக்கு வந்து மூட்டையைக் காட்டியதும் குமாஸ்தா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து பார்த்தார். "அடேயப்பா. வட்டியும் மொதலும் ஒரே மூட்டையில."

வெள்ளைச்சாமி கையை நீட்டவில்லை. தள்ளி நின்றே கேட்டார். "ஆச்சி ஏதும் சொன்னாகளா?"

"ஒண்ணும் சொல்லலை."

"அந்தக் காரையும் எழுதிக்கிட்டா என்ன ஐயா?"

"தேவைக்கு மேல ஜப்தி பண்ணக் கூடாது. இது ஒண்ணே போதும்."

சட்டப்படி அது சரியான பதில்தான். அதைச் சொன்ன வாய்தான் சரியில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அந்த வீட்டில் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. சீல் வைத்து, கையெழுத்து வாங்கி, வெளிச்சம் இருக்கும்போதே பஸ் ஏறிவிட்டோம்.

ஆச்சி கோர்ட்டில் மனுப் போட்டார். கழுத்திரு தன்னுடைய சீதனம், கணவர் கடனுக்கு அதைத் தொடக் கூடாது என்று. அதனால் ஏலம் நின்றது, விசாரணைக்கு வர மார்கழி ஆகிவிட்டது. இதற்கிடையில் கார்த்திகையில் செட்டியார் மஞ்சக்கடுதாசி கொடுத்து, அது ஏற்கப்பட்டும் விட்டது. வளவுச் சாமான், கார், இரும்புப் பெட்டி எல்லாம் ரிசீவர் வசம் போயிற்று. கழுத்திருவும் ஏலம் போகாததுதான், ஆனாலும் வெள்ளைச்சாமி கவலைப்படவில்லை. தனக்கு உரியது கோர்ட்டுப் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறது, ஆச்சியின் மனு தள்ளுபடி ஆனதும் அதற்கு வழி பிறக்கும் என்று வக்கீல் அவருக்குச் சொல்லியிருந்தார்.

ஜப்தியின்போது ஆட்சேபணை எழவில்லை என்பதை நிரூபிக்க அதே வக்கீல் என்னைச் சாட்சியாகப் போட்டார். சம்மன் வந்த அன்று என் மனைவியிடம் முழுக்கதையும் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த ஆச்சி ஒங்களப் பத்தி வெளிய சொல்லிட்டாகளா?"

"தெரியலை."

"சொல்லலைன்னா நீங்களும் வாயத் தொறக்காதீக. கேக்காததை எதுக்குச் சொல்லணும்? மூணையும் நான் எங்க கொண்டு போயி விட?"

அவள் சொன்னதில் தப்பில்லை. அதையே பிள்ளையாரிடமும் வேண்டிக்கொண்டேன். யாரும் கேட்காமல் போகட்டும் என்று. வெட்கமாக இருக்கிறது, ஆனால் வேண்டிக்கொண்டது அதுதான்.

எனக்கு முன்னால் ஆச்சி கூண்டில் ஏறினார். சாமான் பட்டியல் எங்கே என்று கேட்டார்கள், இல்லை என்றார். மில் காசில் வாங்கிய தங்கத்தைக் கடைசி நேரத்தில் மனைவி அலமாரிக்கு மாற்றியதுதானே இது என்றார்கள், இல்லை என்றார். அமீனாவிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்கள்.

"என்னோடதுன்னு சொன்னேன்."

"ரிப்போர்ட்டில் அப்படி இல்லையே. அமீனா பொய் எழுதினாரா?"

"அவுக எழுதினதைப் பத்தி நான் என்ன சொல்ல. நான் சொன்னதைத்தான் நான் சொல்ல முடியும்."

அவ்வளவுதான். என் தலை உருளும் வார்த்தை அவர் நாக்கில் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவருக்கும் லாபம்தான். சொல்லவில்லை.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். கடவுள் அறிய உண்மை சொல்வதாகச் சொன்னேன். வக்கீல் ரிப்போர்ட்டை நீட்டினார். கையெழுத்து உங்களுடையதா? ஆமாம். 'ஆட்சேபணை ஏதும் எழவில்லை' என்பது நீங்கள் எழுதியதா? ஆமாம். அவர் உட்காரப் போனார். என் மனைவி சொன்னபடி, கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்தாயிற்று. படியிறங்கி வந்துவிட்டால் தீர்ந்தது.

"எழுதினது நான்தானுங்க. ஆனா அது பொய்யிங்க" என்றேன்.

முன்சீப்பு ஐயா பேனாவைக் கீழே வைத்தார். கொங்கு நாட்டுக்காரர், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "என்ன சொல்றே? முழுக்கச் சொல்லு" என்றார்.

சொன்னேன். தண்ணீர் குடித்ததிலிருந்து சொன்னேன். கழுத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னது, ஆச்சி என் மனைவியின் தாலியைப் பற்றிக் கேட்டது, எழுதுங்கள் என்று மூட்டையை நகர்த்தியது. கழுத்திரு என்றால் என்ன, கல்யாணத்துக்கும் அறுபதுக்கும் மட்டும் ஏன் வெளியே வருகிறது என்று ஐயா கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். குமாஸ்தா பெஞ்சிலிருந்து என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார்.

"இதையெல்லாம் ஏன் ரிப்போர்ட்டில் எழுதலை?"

"பயந்துட்டேனுங்க."

"யாருக்கு?"

"நான் சொன்ன வார்த்தைக்குத்தானுங்க."

மனு அனுமதிக்கப்பட்டது. தப்புவதற்கு வழி காட்டியும் அதில் போகாத ஒரு பெண், கணவருடைய தங்கத்தை ஒளித்து வைத்தார் என்பதை நம்ப முடியவில்லை என்று ஐயா எழுதினார். ஆச்சி நாசர் அறையில் கையெழுத்துப் போட்டு மூட்டையை வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் கதவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். என் பக்கம் திரும்பவில்லை. திரும்ப வேண்டிய அவசியமும் இல்லை.

தீர்ப்பன்று மத்தியானமே எனக்கு மெமோ வந்தது. பிற்பாடு விசாரணை நடந்து இரண்டு வருஷ இன்க்ரிமெண்ட்டை நிறுத்தினார்கள். வேலையை விட்டு அனுப்பியிருக்கலாம். முன்சீப்பு ஐயா இரண்டு வரி சேர்த்து எழுதியதால் அதோடு போயிற்று. மெமோவை நாசரே கொண்டுவந்து கொடுத்தார். "மாட்டை எட்டு மைல் திருப்பி ஓட்டினே. இதை எங்கிட்டுத் திருப்பி ஓட்டுவே?" என்று கேட்டார். அப்போது எனக்கு அது புரியவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன், மெமோவும் வாங்கிவிட்டேன், தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். மனசுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தீர்ப்புச் சொன்ன அன்று சாயங்காலம் கோர்ட்டு வராந்தாவில் வெள்ளைச்சாமி எனக்காகக் காத்திருந்தார். ஏசப் போகிறார் என்று நினைத்து நானே முந்திக்கொண்டேன்.

"மன்னிச்சுக்கங்க. பொய் சொல்லி நிக்க முடியலை. அந்த அம்மா தாலி விசயம்."

"அது சரிங்க ஐயா" என்றார். "அவுகளோடது அவுகளுக்குப் போச்சு. அதுல எனக்கு ஒண்ணுமில்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு வளவுல வச்சு, ஆச்சி ஏதும் சொன்னாகளான்னு நான் ஒங்ககிட்டக் கேட்டேன்ல?"

"கேட்டீக."

"அன்னைக்கே சொல்லியிருந்தீகன்னா, அதை விட்டிருப்பேனோ மாட்டேனோ, எனக்கே தெரியலை. பணத்தேவை அப்பிடி. ஆனா வழக்காகும்னு தெரிஞ்சிருக்கும்ல. இதையும் எழுதுங்க, அந்தக் காரையும் எழுதுங்கன்னு ஒங்க கையப் பிடிச்சிருப்பேன்ல. அவரு மஞ்சக்கடுதாசி குடுக்கிறதுக்குள்ள காரு ஏலம் போயிருக்கும். முழுசும் வந்திருக்காது. கல்யாணச் செலவுக்கு வந்திருக்கும்." விரலை மடக்கி எண்ணினார். "நாலு மாசம் வக்கீலுக்கு அழுததாச்சும் மிச்சமாயிருக்கும்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. ஆச்சியிடம் இரக்கம் காட்டினேன், அப்புறம் என்னையே காப்பாற்றிக்கொண்டேன், அப்புறம் உண்மையும் சொன்னேன். இந்த மூன்றுக்கும் சேர்த்து விலை கொடுத்தவர் வெளியே வளவில் நின்றவர். ரூபாய்க்குப் பன்னிரண்டு பைசா என்று ரிசீவர் பிரித்துக் கொடுத்தபோது அவர் பங்கையும் வாங்கிக்கொண்டார் என்று கேள்வி.

"வாரேன் ஐயா" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். அவர் ஏசியிருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன்.

ஆகையால் தம்பிகளே, உள்ளே ஒருவர் அழுவார், வெளியே ஒருவர் காத்திருப்பார். உள்ளே இருப்பவர் கண்ணுக்குத் தெரிவார். வெளியே இருப்பவரைச் சுவர் மறைக்கும். இரக்கப்படுங்கள், அது வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் இரக்கத்தை வாரண்டின் பேரில் காட்டாதீர்கள். சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள். நீங்கள் உளறியிருந்தால் அதையும் எழுதுங்கள், அன்றைக்கே எழுதுங்கள். அன்று எழுதியிருந்தால் எனக்கு ஒரு மெமோவோடு போயிருக்கும், மற்ற இருவருக்கும் அவரவர் வழி அன்றே தெரிந்திருக்கும். நாலு மாசம் கழித்து வந்த உண்மையால் ஒருவருக்குத்தான் உதவ முடிந்தது.

அந்தத் தை பிறந்தது. ஒரு வாரண்டு விஷயமாகத் திருக்கோஷ்டியூர்ப் பக்கம் போனபோது வெள்ளைச்சாமி ஊரைக் கடந்து போக வேண்டியிருந்தது. டீக்கடையில் விசாரித்தேன். மாப்பிள்ளை வீட்டார் மாசி வரை பொறுத்துப் பார்க்கிறோம் என்று சொல்லியிருப்பதாகச் சொன்னார்கள். மாசிக்குப் பிறகு விசாரிக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. பெண்ணை வேறு இடத்தில் கொடுத்தார்கள் என்று ஒருவர் சொன்னார், கொடுக்கவில்லை என்று ஒருவர் சொன்னார்.

ஓய்வு பெற்ற பிறகு மாதம் ஒரு தடவை சங்கடஹர சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டி போகிறேன். என் வீட்டாருக்கு ஒரு அர்ச்சனை, வெள்ளைச்சாமி மகளுக்கு ஒரு அர்ச்சனை. முதல் தட்டுக்குப் பேரும் நட்சத்திரமும் வரிசையாகச் சொல்லிவிடுவேன். இரண்டாவது தட்டுக்குக் குருக்கள் பேர் கேட்பார். வாரண்டில் தகப்பனார் பேர்தான் இருந்தது. அந்தப் பெண்ணின் பேரை நான் அன்று கேட்டுக்கொள்ளவில்லை. சுவாமி பேருக்கே பண்ணிருங்க என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறேன்.